பார்வைக்கும் பருவம் உண்டு

அறுபது வயதில் புரை விழுந்து, பத்து ஆண்டுகள் மங்கலிலேயே தட்டுத்தடுமாறிய பாட்டிக்கு அறுவைசிகிச்சை செய்கிறார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்ததும், எதிரே நிற்கும் பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். கண் சிகிச்சை முகாம்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அதே போன்ற புரையோடு பிறந்த ஒரு குழந்தையைப் பத்து வயதில் அழைத்துவந்து, அறுவைசிகிச்சையைத் துளியும் பிசகாமல் செய்தாலும் அப்படி நடப்பதில்லை. கண் தெளிந்துவிடும். ஒளி தடையில்லாமல் விழித்திரை வரை போகும். பிள்ளைக்குத் தெரிவதோ எது எங்கே முடிகிறது என்று புரியாத நிறத் திட்டுகள். அந்தக் குறையில் ஒரு பகுதி வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும்.

பாட்டி இருளில் கழித்ததும் பத்து ஆண்டு, பிள்ளை கழித்ததும் பத்து ஆண்டு. ஒருவருக்குத் திரும்பிய பார்வை இன்னொருவருக்கு ஏன் திரும்பவில்லை? ஐரோப்பியக் கண் மருத்துவர்களை நெடுநாள் குழப்பிய கேள்வி இது. பிறவியிலேயே பார்வையின்றி இருந்து, வளர்ந்தபின் சிகிச்சை பெற்றவர்களின் அனுபவங்களை ஜெர்மானிய ஆய்வாளர் மாரியஸ் ஃபான் செண்டன் 1932-ல் ஒரு நூலாகவே தொகுத்தார். நடந்தது என்ன என்பது அதில் இருந்தது. ஏன் நடந்தது என்பது தெரிய இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. அந்த விடை கண்ணில் இல்லை, மூளையின் பின்புறத்தில், நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையில் இருந்தது. விடை கிடைத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், பிறந்த குழந்தையின் கண்ணை எப்போது பார்ப்பது என்பதில் நாம் இன்னும் அசட்டையாக இருக்கிறோம். அது தாங்கிக்கொள்ளக் கூடிய அசட்டை இல்லை.

அந்த விடைக்கான வழி அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தொடங்கியது. அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் வில்மர் கண் மருத்துவ நிலையத்தில் ஸ்டீபன் குஃப்லரின் ஆய்வுக்கூடம் இருந்தது. குஃப்லர் ஹங்கேரியில் பிறந்தவர். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது வியன்னாவிலிருந்து தப்பி, ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்கா சேர்ந்தவர். பூனையின் விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் ஒவ்வொரு செல்லும் பார்வைப் பரப்பில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் கவனிக்கிறது என்று 1953-ல் அவர் காட்டினார். வட்டத்தின் நடுவில் ஒளி பட்டால் துடிக்கும் செல், அதைச் சுற்றிய வளையத்தில் பட்டால் அடங்கிவிடும். சில செல்களில் இது தலைகீழ். கண் வெளிச்சத்தை அப்படியே படம் பிடித்து அனுப்புவதில்லை. பக்கத்துப் பக்கத்து இடங்களில் வெளிச்சம் எவ்வளவு மாறுகிறது என்பதையே சொல்லி அனுப்புகிறது.

1958-ல் குஃப்லரிடம் இரண்டு இளைஞர்கள் ஒன்றாக வேலையைத் தொடங்கினார்கள். டேவிட் ஹியூபல் கனடாவில் பிறந்தவர், கைவேலையில் கெட்டிக்காரர். ஒற்றை நரம்புச் செல்லின் துடிப்பைக் கேட்க டங்ஸ்டன் கம்பியால் மிக நுண்ணிய மின்முனையை அவரே செய்திருந்தார். டார்ஸ்டன் வீஸல் சுவீடன்காரர். தந்தை தலைமை மருத்துவராக இருந்த மனநல மருத்துவமனை வளாகத்திலேயே வளர்ந்தவர். மயக்கத்தில் இருக்கும் பூனையின் கண்ணெதிரே திரையில் ஒளிப் புள்ளிகளைக் காட்டுவார்கள். மூளையின் பின்பக்கப் புறணியில் வைத்த மின்முனை, செல்லின் துடிப்பை ஒலிபெருக்கியில் கொண்டுவரும்.

மணிக்கணக்கில் ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். விழித்திரைச் செல்களைத் தட்டி எழுப்பிய புள்ளிகளைப் புறணிச் செல் சட்டையே செய்யவில்லை. ஒருமுறை கறுப்புப் புள்ளி ஒட்டிய கண்ணாடிச் சில்லைக் கருவிக்குள் செருகும்போது ஒலிபெருக்கி படபடவென்று பொரிந்தது. புள்ளிக்கும் அந்தச் சத்தத்துக்கும் தொடர்பே இல்லை. கண்ணாடிச் சில்லின் விளிம்பு திரையில் ஒரு மெல்லிய கோட்டு நிழலாக நகர்ந்திருந்தது. அந்தச் செல் காத்திருந்தது ஒரு கோட்டுக்காக. அதுவும் ஒரு குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோட்டுக்காக.

அங்கிருந்து பல ஆண்டுகள், செல் செல்லாகத் துருவிப் போனார்கள். ஒரு செல்லுக்குச் செங்குத்துக் கோடு வேண்டும், அடுத்ததற்குச் சற்றுச் சாய்ந்த கோடு, வேறொன்றுக்கு நகரும் கோடு. ஒரே சாய்வை விரும்பும் செல்கள் மேலிருந்து கீழாகத் தூண்போல அடுக்கி நிற்கின்றன. விழித்திரையின் வட்டங்கள் பல சேர்ந்து கோடாகின்றன, கோடுகள் சேர்ந்து வடிவமாகின்றன. ஜப்பானின் குனிஹிகோ ஃபுகுஷிமா 1980-ல் இந்த அடுக்கு முறையைப் பின்பற்றிக் கணினி வலைப்பின்னல் ஒன்றை வடிவமைத்தார். இன்று கைபேசி முகத்தை அடையாளம் காணப் பயன்படும் வலைப்பின்னல்கள் அந்த வழியில் வந்தவை. கோடு பார்க்கும் பூனைச் செல்லால் யாருக்கு என்ன லாபம் என்று 1958-ல் ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால், ஹியூபலிடமும் வீஸலிடமும் பதில் இருந்திருக்காது.

இவ்வளவும் பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் குழந்தைகளைத் தொடுவது அதற்கு அடுத்து அவர்கள் செய்த வேலை.

ஃபான் செண்டன் தொகுத்த புதிரை அவர்கள் அறிவார்கள். அதைச் சோதிக்க, பிறந்த பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையை மட்டும் தைத்து மூடினார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்துத் தையலைப் பிரித்தார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லை. விழித்திரை வழக்கம்போல வேலை செய்தது. புறணியில் மின்முனையை வைத்துப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாச் செல்களும் திறந்திருந்த கண்ணுக்கு மட்டுமே பதில் சொல்லின. மூடியிருந்த கண்ணை மூளை கைவிட்டிருந்தது. வளர்ந்த பூனைக்கு இதைவிட நீண்ட காலம் கண்ணை மூடிவைத்தும் இப்படி ஆகவில்லை. 1963-ல் வெளியான இந்த முடிவுகளில்தான் பாட்டியையும் பத்து வயதுப் பிள்ளையையும் பிரிக்கும் காரணம் இருக்கிறது. பூனைக்குட்டிக்கு அந்த ஆபத்தான காலம் நான்காவது வாரத்தில் தொடங்கி ஏறத்தாழ மூன்றாவது மாதம்வரை என்று 1970-ல் வரையறுத்தார்கள். அதன் உச்சத்தில் மூன்று நான்கு நாள் மூடல்கூடப் போதும், கெடுதல் நேர்ந்துவிடும்.

இன்னொரு முடிவு அவர்களையே வியப்பில் ஆழ்த்தியது. இரண்டு கண்களையும் மூடினால் கெடுதல் இரட்டிப்பாக வேண்டும் அல்லவா? அப்படி ஆகவில்லை. புறணிச் செல்கள் பல இரு கண்களுக்கும் ஓரளவு பதில் சொல்லின. ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் இரண்டு வயல்களில் ஒன்றின் மடை அடைபட்டால் நீரெல்லாம் மற்றதற்குப் பாயும். அதுபோலத்தான், மூடிய கண்ணின் நரம்புகள் சும்மா இருந்ததைவிட, திறந்த கண்ணின் நரம்புகள் அவற்றின் இடத்தையும் எடுத்துக்கொண்டதே பெருங்கேடு. ஒரு கண்ணில் மட்டும் புரையோடு பிறக்கும் குழந்தைக்கு அவசரம் ஏன் கூடுதல் என்பது இதனால் விளங்கும்.

பூனைக்குட்டியின் இமையைத் தைத்தார்கள் என்று படிக்கும்போது மனம் சுருங்காதவர் யாரும் இருக்க முடியாது. இதே வழியில் ஆய்வு செய்த ஆக்ஸ்ஃபோர்டின் காலின் பிளேக்மோர், 1980-களின் பிற்பகுதி தொடங்கிப் பல ஆண்டுகள் மிரட்டல்களையும் தாக்குதல்களையும் சந்தித்தார். அந்தச் சோதனைகளை எதிர்த்தவர்களின் வேதனையில் நியாயம் உண்டு, வன்முறையில் இல்லை. மனிதக் குழந்தைகளில் செய்து பார்க்க முடியாத ஒன்று அந்தக் குட்டிகளால் தெரிய வந்தது என்பதையும் மறுக்க முடியாது. அத்தனை விலை கொடுத்துப் பெற்ற அறிவை அலமாரியில் வைத்துப் பூட்டுவது அந்த உயிர்களுக்கும் செய்யும் அநீதி.

ஹியூபலும் வீஸலும் 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள். பரிசின் மறுபாதி ரோஜர் ஸ்பெர்ரிக்குப் போனது. குஃப்லர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். ஹியூபல் 2013-ல் மறைந்தார். வீஸல் 2024 ஜூனில் நூறு வயதைத் தொட்டார்.

ஹியூபலும் வீஸலும் பின்னர் பணியாற்றிய ஹார்வர்டில் அவர்களிடம் படித்து 1976-ல் முனைவர் பட்டம் பெற்ற கார்லா ஷாட்ஸ், கேள்வியை இன்னும் பின்னுக்குக் கொண்டுபோனார். பிறந்தபின் ஒளிதான் நரம்புகளைப் பழக்குகிறது என்றால், கருப்பையின் இருட்டில் அவற்றைப் பழக்குவது யார்? கண்ணிலிருந்து புறப்படும் நரம்பிழைகள் வழியில் தலாமஸ் என்ற நிலையத்தில் இறங்குகின்றன. அங்கே வலக்கண்ணின் இழைகளும் இடக்கண்ணின் இழைகளும் முதலில் கலந்து கிடக்கும். பிறப்பதற்கு முன்பே தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்துவிடும். குழந்தை இன்னும் எதையும் பார்க்கவில்லை. இழைகளுக்கு வலம் எது இடம் எது என்று சொன்னது எது?

1991-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க்கஸ் மைஸ்டர், ரேச்சல் வாங், டெனிஸ் பேலர் ஆகியோருடன் சேர்ந்து ஷாட்ஸ் இதற்கு விடை கண்டார். வளரும் விழித்திரையை நுண்மின்முனைகளின் வரிசைமேல் பரப்பிப் பார்த்தபோது, ஒளியே இல்லாத நிலையிலும் செல்கள் தாமாகத் துடித்தன. தாறுமாறாக அன்று; ஓரிடத்தில் தொடங்கும் துடிப்பு பக்கத்துச் செல்களைத் தொட்டுத் தொட்டு அலையாகப் பரவி அடங்கியது. அடுத்த அலை வேறோர் இடத்தில் கிளம்பியது. ஒரே கண்ணின் அண்டைச் செல்கள் ஒருசேரத் துடிக்கின்றன; இரு கண்களின் அலைகள் ஒரே நேரத்தில் எழுவதில்லை. மூளைக்கு இந்த வேறுபாடு போதும். ஒன்றாகத் துடிப்பவை ஒரே கண்ணின் இழைகள் என்று வைத்து, அவற்றின் இணைப்புகளை வலுப்படுத்துகிறது, பொருந்தாதவற்றைக் களைகிறது.

இணைப்பு என்று இங்கே சொல்வது சினாப்ஸ். இரண்டு நரம்புச் செல்களுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு இடைவெளி இருக்கும். முதல் செல்லின் மின்துடிப்பு அங்கே வந்ததும் குளூட்டமேட் போன்ற வேதிப்பொருள் சுரந்து, இடைவெளியைக் கடந்து, அடுத்த செல்லைத் தூண்டுகிறது. பழகப் பழகச் சில இணைப்புகள் உறுதிப்படும், பயன்படாதவை நீக்கப்படும். நீக்கும் வேலையில், நோயெதிர்ப்பு மண்டலத்துக்கே உரியவை என்று கருதப்பட்ட மரபணுக்களுக்கும் பங்கு இருப்பதை ஷாட்ஸின் குழு 1998-லும் 2000-லும் வெளியிட்டது. மூளைக்கும் அந்த மரபணுக்களுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் நம்பத் தயங்கினார்கள். அந்த மரபணுக்களின் புரதங்களோடு இணையும் ஓர் ஏற்பியை 2014-ல் வளர்ந்த எலிகளில் தடுத்தபோது, முடிந்துபோனதாக நினைத்த பார்வைப் பருவம் ஓரளவு மீண்டும் திறந்தது. மனிதர்களுக்கு மருந்தாக அது இன்னும் வரவில்லை. ஷாட்ஸுக்கு 2016-ல் காவ்லி பரிசு கிடைத்தது.

இந்த அறிவு கண் மருத்துவரின் நாட்காட்டியை மாற்றிவிட்டது. ஒரு கண்ணில் அடர்ந்த பிறவிப் புரை இருந்தால் ஏறத்தாழ ஆறு வாரத்துக்குள், இரு கண்ணிலும் இருந்தால் எட்டு முதல் பத்து வாரத்துக்குள் அறுவைசிகிச்சை என்பது இன்று மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு. குழந்தை கொஞ்சம் வளரட்டும், உடம்பு தேறட்டும் என்று தள்ளிப்போடும் மாதங்கள் பார்வையிலிருந்து கழிகின்றன. அறுவைசிகிச்சையோடும் வேலை முடிவதில்லை. அதன்பின் கண்ணாடியோ காண்டாக்ட் லென்ஸோ வேண்டும். பலவீனமான கண்ணை உழைக்கவைக்க, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டுப்போட்டு மறைக்க வேண்டும். இதுதான் பெற்றோரைச் சோர வைக்கும் கட்டம். குழந்தை அழும், பிய்த்தெறியும். பக்கத்து வீட்டார் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ஒட்டு எதற்கென்று அந்தத் தாய்க்குப் புரியும்படி யாராவது உட்கார்ந்து சொன்னால் அவர் விடாமல் செய்வார். அப்படிச் சொல்லும் நேரத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே கணக்கிட வேண்டும்.

பிறவிப் புரை அரிது. மாறுகண்ணும் சோம்பேறிக் கண்ணும் அப்படி இல்லை. மூளை ஒதுக்குவதால் பார்வை மங்கும் சோம்பேறிக் கண் மட்டுமே நூற்றில் இரண்டு மூன்று குழந்தைகளுக்கு இருக்கிறது. மாறுகண் அதிர்ஷ்டம், அந்தக் குழந்தை பிறந்த வீடு விளங்கும் என்ற பேச்சு நம் ஊர்களில் இன்றும் உண்டு. அன்பினால் சொல்வதுதான். ஆனால் ஹியூபலும் வீஸலும் 1965-ல் வெளியிட்ட ஆய்வு, கண்கள் ஒரே திசையைப் பார்க்காதபோது இரு கண்களையும் இணைத்துக் கேட்கும் புறணிச் செல்கள் தம் இயல்பை இழக்கின்றன என்று காட்டியது. ஆழத்தை உணர உதவும் செல்கள் அவை. அதோடு, இரட்டைக் காட்சியைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் செய்தியை ஒதுக்கத் தொடங்கினால் அந்தக் கண் மெல்ல மெல்லச் சோம்பேறியாகிவிடும். அதிர்ஷ்டம் என்று கொஞ்சிக்கொண்டிருக்கும் நாளில் குழந்தை ஒரு கண்ணின் பார்வையை இழந்துகொண்டிருக்கலாம். வலிக்காது, குழந்தையும் சொல்லாது, மற்றக் கண் நன்றாகத் தெரிவதால் வீட்டில் யாருக்கும் ஐயம் வராது. கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியர் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால், பள்ளிப் பரிசோதனை வரும்போது நல்ல காலத்தில் பாதி கடந்திருக்கும். அங்கன்வாடி வயதிலேயே, ஒவ்வொரு கண்ணாக மறைத்துப் பார்க்கும் சோதனை வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

தாமதமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பலாமா? கூடாது. இதைச் சொல்லும் சான்று இந்தியாவிலிருந்தே வந்திருக்கிறது. டெல்லி ஐஐடியில் படித்து, இப்போது எம்ஐடியில் நரம்பியல் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா, டெல்லியின் டாக்டர் ஷ்ராஃப் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையோடு சேர்ந்து ‘பிரகாஷ்’ என்ற திட்டத்தை நடத்துகிறார். பிறவிப் புரையோடு சிகிச்சையின்றி வளர்ந்த சிறுவர் சிறுமியரைக் கிராமங்களில் தேடிக் கண்டு, சிகிச்சை அளித்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்கிறார்கள் என்பதையும் அந்தத் திட்டம் ஆராய்கிறது.

அயர்லாந்தின் வில்லியம் மாலினோ 1688-ல் ஜான் லாக்குக்கு ஒரு கேள்வி எழுதினார். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டுத் தெரிந்து வைத்திருக்கிறார். திடீரென்று பார்வை வந்தால், தொடாமலேயே எது எது என்று சொல்வாரா? முந்நூறு ஆண்டுகள் தத்துவவாதிகள் வாதாடிய இந்தக் கேள்விக்குப் பிரகாஷ் திட்டத்தில் சிகிச்சை பெற்ற 8 முதல் 17 வயது வரையிலான ஐந்து பேர் 2011-ல் பதில் தந்தார்கள். தொட்ட பொருளைத் தொட்டு அடையாளம் சொன்னார்கள். பார்த்ததைப் பார்த்து அடையாளம் சொன்னார்கள். தொட்டதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் சில நாள்களிலேயே, யாரும் பயிற்சி தராமல், அந்தத் திறன் வரத் தொடங்கியது. வேறு சோதனைகளில், ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பொருள்களைப் பிரித்தறியத் திணறிய பிள்ளைகள், பொருள் அசைந்தால் சட்டென்று புரிந்துகொண்டார்கள். கூர்மை முழுவதும் வராது. ஆனாலும் முகங்களைப் பழகவும், வழி நடக்கவும், பள்ளிக்குப் போகவும் போதுமான அளவு பலருக்கு வருகிறது. பருவம் போய்விட்டது, இனி என்ன என்று பத்து வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பிய காலம் தவறானது என்று இந்தப் பிள்ளைகள் நிரூபித்திருக்கிறார்கள். அறிவியல் சொல்வது இரண்டையுமே: முந்தினால் மிக நல்லது, பிந்தினாலும் கதவு அடைபடவில்லை.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டம் 30 குறைபாடுகளைப் பட்டியலிட்டிருக்கிறது. பிறவிக் கண்புரை அதில் ஒன்று. பிரசவம் நடக்கும் இடத்திலேயே குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பட்டியலில் இருப்பதாலேயே ஒவ்வொரு குழந்தையின் கண்ணும் பார்க்கப்பட்டுவிடாது. நெருக்கடியான பிரசவ வார்டில், எடை பார்த்து, தடுப்பூசி போட்டு, தாய்ப்பால் குடிக்கிறதா என்று கேட்டுவிட்டு அனுப்பும் அவசரத்தில் முதலில் விடுபடக் கூடியது கண்தான். பெற்றோரும் சிலவற்றைக் கவனிக்கலாம்: கண்மணியில் வெண்மை, கைபேசிப் படத்தில் ஒரு கண் மட்டும் வெள்ளையாகப் பளிச்சிடுவது, மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமல் இருப்பது. வெள்ளைப் பளிச்சிடல் சிலசமயம் விழித்திரைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கும். ஆகவே அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

மருத்துவமனை செய்ய வேண்டிய சோதனைக்கு அறையைச் சற்று இருட்டாக்க வேண்டும். ஆப்தால்மோஸ்கோப் என்ற கைக்கருவியின் ஒளியைக் குழந்தையின் இரு கண்களிலும் பாய்ச்ச வேண்டும். ஆரோக்கியமான கண் செம்மஞ்சளாக ஒளிரும். புரை இருந்தால் அங்கே கறுப்போ வெளுப்போ தெரியும். பழகிய செவிலியர்கூட ஓரிரு நிமிடத்தில் செய்துவிடலாம். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும், இந்தச் சோதனையைச் செய்தவரின் கையெழுத்து டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லாமல் எந்தக் குழந்தையையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.